மட்டையும் ஏடும்: அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் இளம் ஆட்டக்காரர்கள்



ஹாக்கி என்றதும் நம் நினைவுக்கு வருவது புல் திடலும், நுனி வளைந்த மட்டையும், வெள்ளைப் பந்தும்தாம். 1975ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டியில் மலேசியா நான்காம் இடத்தைப் பெற்றதை மூத்த நேயர்கள் பலர் இன்றும் பெருமையோடு நினைவுகூர்வார்கள். இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது அதே பெயரைக் கொண்ட வேறோர் ஆட்டம். குளிர் நாடுகளான கனடாவிலும் அமெரிக்காவிலும் பனிக்கட்டித் தரையின்மேல் ஆடப்படும் பனி ஹாக்கியே அது. அந்த ஆட்டத்தில் சிறந்து விளங்கும் பிள்ளைகளைக் கல்லூரிகள் எவ்வாறு கண்டெடுக்கின்றன, எவ்வாறு வளர்க்கின்றன, அதில் பெற்றோர் கவனிக்க வேண்டியவை யாவை என்பதைப் பார்ப்போம்.

நமக்கு எட்டாத ஆட்டத்தைப் பற்றி நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால், 'பையன் நன்றாக விளையாடுகிறான். படிப்பைப் பார்ப்பதா, விளையாட்டைப் பார்ப்பதா?' என்ற குழப்பம் எல்லா நாட்டுப் பெற்றோருக்கும் பொதுவானது. அந்தக் குழப்பத்துக்கு அமெரிக்கக் கல்லூரிகள் ஒருவகையான விடையைக் கண்டிருக்கின்றன. அந்த விடையில் நல்லதும் உண்டு. எச்சரிக்கையாக இருக்க வேண்டியதும் உண்டு.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். பனித்திடல் ஏறக்குறைய 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உடையது. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். அவர்களில் ஒருவர் கோல் காவலர். எல்லாரும் எஃகுத் தகடு பொருத்திய காலணிகளை அணிந்து பனிக்கட்டியின்மேல் சறுக்கியபடி ஆடுவார்கள். பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் வட்டு. அது எதனால் ஆனது தெரியுமா? கெட்டிப்படுத்திய ரப்பர்! மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலத் தடிப்பும் கொண்ட கறுப்பு ரப்பர் வட்டு அது. ஆட்டம் இருபது இருபது நிமிடங்களாக மூன்று பகுதிகளில் நடைபெறும். உடலோடு உடல் மோதுவது ஆண்களின் ஆட்டத்தில் அனுமதிக்கப்பட்ட ஒன்று. ஆகவே வேகம், உடல் வலிமை, துணிவு ஆகிய மூன்றும் வேண்டும்.

இந்த ஆட்டத்தின் உச்சிப்படி, என்.எச்.எல். எனப்படும் தொழில்முறை லீக். அதில் 32 குழுக்கள் உள்ளன. அந்த உச்சியை நோக்கிச் செல்லும் ஒரு சிறுவனுக்கு இரண்டு பாதைகள் திறந்திருக்கின்றன.

ஒன்று, கனடாவின் 'மேஜர் ஜூனியர்' லீக்குகள். பதினைந்து வயதையொட்டியே பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பதினாறு முதல் இருபது வயது வரை அங்கே ஆட வைக்கிறார்கள். ஒரு பருவத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். பேருந்தில் நெடுந்தூரப் பயணம். பிள்ளை பெற்றோரைப் பிரிந்து, குழு ஏற்பாடு செய்யும் வேறொரு குடும்பத்தின் வீட்டில் தங்கிப் பள்ளிக்குச் செல்வான். கைச்செலவுக்கு ஒரு சிறு தொகை கிடைக்கும். மேற்குக் கனடா லீக்கில் ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஓராண்டுக் கல்லூரிக் கட்டணத்தை லீக்கே பின்னர் ஏற்றுக்கொள்ளும் திட்டமும் உண்டு.

மற்றது, கல்லூரிப் பாதை. இடைநிலைப்பள்ளியை முடிக்கும் வரை சிறுவன் பள்ளிக் குழுவிலோ, ஊர்க் குழுவிலோ, அமெரிக்காவின் யு.எஸ்.எச்.எல். போன்ற இளையோர் லீக்கிலோ ஆடுவான். பிறகு பதினெட்டு, பத்தொன்பது, சில வேளைகளில் இருபது வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, நான்காண்டுகள் படித்துக்கொண்டே ஆடுவான். முதல் பிரிவில் ஆண்களுக்கான ஹாக்கிக் குழுக்களை நடத்தும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அறுபதுக்குச் சற்று மேல் உள்ளன. அவற்றின் விதிகளை வகுப்பது என்.சி.ஏ.ஏ. எனப்படும் கல்லூரி விளையாட்டுச் சங்கம். கல்லூரிகளுக்கிடையிலான தேசியப் போட்டி 1948 முதல் நடைபெற்று வருகிறது.

நீண்ட காலமாக இவ்விரு பாதைகளுக்கும் இடையே ஒரு பூட்டிய கதவு இருந்தது. மேஜர் ஜூனியர் லீக்கில் ஆடியவன் தொழில்முறை ஆட்டக்காரனாகக் கருதப்பட்டான். கல்லூரிக் குழுவில் அவனுக்கு இடமில்லை. அதாவது பதினைந்து பதினாறு வயதில் ஒரு குடும்பம் எடுத்த முடிவைப் பின்னர் மாற்றிக்கொள்ள முடியாது. 2024ஆம் ஆண்டு நவம்பரில் என்.சி.ஏ.ஏ. இந்த விதியைத் தளர்த்தியது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து மேஜர் ஜூனியர் ஆட்டக்காரர்களும் கல்லூரியில் ஆடலாம். அந்த ஆண்டே கனடாவின் புகழ்பெற்ற இளம் ஆட்டக்காரர் கேவின் மெக்கென்னா, மேற்குக் கனடா லீக்கிலிருந்து பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். கதவு திறந்தது நல்லதே. ஆனால் திறந்த கதவின் வழியே பலரும் வருவதால், கல்லூரி இடத்துக்கான போட்டி முன்னைவிடக் கடுமையாகியிருக்கிறது.

சரி, கல்லூரிப் பயிற்றுநர்கள் பிள்ளைகளை எப்படிக் கண்டெடுக்கிறார்கள்?

அவர்களின் துணைப் பயிற்றுநர்கள் குளிர்காலம் முழுவதும் ஊர் ஊராகச் சென்று பனித்திடல்களின் ஓரத்தில் அமர்ந்து ஆட்டங்களைப் பார்க்கிறார்கள். யார் எத்தனை கோல் போட்டான் என்பதை மட்டும் அவர்கள் எழுதுவதில்லை. வட்டு தன்னிடம் இல்லாதபோது பையன் எங்கே நிற்கிறான்? தவறவிட்ட வட்டைத் துரத்தி ஓடுகிறானா, தலையைத் தொங்கவிட்டு நிற்கிறானா? பயிற்றுநர் வெளியே அழைத்து உட்கார வைத்தால் முகம் சுளிக்கிறானா? நடுவரிடம் எப்படி நடந்துகொள்கிறான்? இவற்றையெல்லாம் கவனிக்கிறார்கள். பிறகு அவனுடைய பழைய பயிற்றுநரிடமும் ஆசிரியர்களிடமும் விசாரிக்கிறார்கள். திறமையை வளர்த்துவிடலாம், குணத்தை மாற்றுவது கடினம் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள்.

ஒரு காலத்தில் இந்தத் தேடல் அளவு மீறிப் போயிற்று. பதினான்கு வயதுச் சிறுவர்கள்கூட, இடைநிலைப்பள்ளியில் காலெடுத்து வைக்கும் முன்பே, இன்ன பல்கலைக்கழகத்தில் சேருவேன் என்று வாக்குக் கொடுத்தார்கள். இது வாய்மொழி வாக்குறுதி மட்டுமே. இரு தரப்பையும் அது சட்டப்படி கட்டுப்படுத்தாது. நான்காண்டுகளில் பயிற்றுநர் வேறிடம் போய்விடலாம். பையன் எதிர்பார்த்தபடி வளராமல் போகலாம். அப்போது வாக்குறுதி காற்றோடு போகும். ஆகவே 2019இல் விதிகள் இறுக்கப்பட்டன. அதன்படி, மாணவன் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது வரும் ஜனவரி முதல் தேதிக்கு முன்பாகக் கல்லூரிப் பயிற்றுநர் அவனோடு சேர்க்கை பற்றிப் பேசக்கூடாது. பதினோராம் வகுப்புத் தொடங்குவதற்கு முந்திய ஆகஸ்டு முதல் தேதிக்கு முன்பாக இடம் தருவதாகச் சொல்லவும் கூடாது. பிள்ளைப் பருவத்துக்கு வேலி கட்டிய விதி என்று இதனைக் கூறலாம்.

இனி, ஆசிரியர்களாகிய நாங்கள் மிகவும் விரும்பும் பகுதிக்கு வருவோம். எவ்வளவு கோல் போட்டாலும், பள்ளிப் படிப்பில் தேறாதவனுக்கு முதல் பிரிவுக் கல்லூரி ஹாக்கியில் இடமில்லை. ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் முதலிய அடிப்படைப் பாடங்களில் பதினாறை இடைநிலைப்பள்ளியில் முடித்திருக்க வேண்டும். நான்கு புள்ளியை உச்சமாகக் கொண்ட கணக்கில் அப்பாடங்களின் சராசரி 2.3க்குக் குறையக்கூடாது. அந்தப் பதினாறில் பத்துப் பாடங்களைக் கடைசி ஆண்டு தொடங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அந்தப் பத்தில் பெற்ற புள்ளிகளைப் பின்னர் மறுபடி படித்து உயர்த்திக்கொள்ளவும் முடியாது.

இந்தக் கடைசி விதியை நாம் ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். 'இப்போது விளையாடட்டும், தேர்வு ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்வது நம்மிடையே வழக்கம். அந்த ஏற்பாட்டில் இது செல்லாது. மூன்றாண்டுகள் புத்தகத்தைத் தொடாதவன் நான்காம் ஆண்டில் எவ்வளவு முயன்றாலும் பயனில்லை.

கல்லூரியில் சேர்ந்த பிறகும் படிப்பு அவனை விடுவதில்லை. முழுநேர மாணவனாகப் பாடங்களை எடுத்துத் தேறிக்கொண்டே வர வேண்டும். ஆட்டப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி வைக்கக்கூடாது என்றும் விதி உண்டு. பொதுவாக ஆட்டங்கள் வெள்ளி, சனி இரவுகளில் நடைபெறும். வார நாள்களில் காலையில் வகுப்பு, மாலையில் பயிற்சி, இரவில் பாடம். ஒரு பருவத்தின் வழக்கமான ஆட்டங்கள் சுமார் 34தான். ஆட்டம் குறைவாக இருப்பது குறையல்லவா என்று தோன்றலாம். பதினெட்டு வயதில் உடல் இன்னும் முற்றாதவனுக்கு அதுவே நன்மை. ஆட்டமில்லாத நாள்களில் அவன் உடலை உறுதிப்படுத்துகிறான், குறைகளைத் திருத்திக்கொள்கிறான்.

பதினெட்டு வயதையொட்டி என்.எச்.எல். குழுக்கள் இளைஞர்களை வரிசையாகப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கும் நாள் வரும். ஏழு சுற்றுகளில் 224 பேர் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். இதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பெயர் சொல்லப்பட்டவன் உடனே படிப்பை விட்டுப் போக வேண்டியதில்லை. தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத வரை, கல்லூரியிலேயே இருந்து தன் நேரம் வரும்போது போகலாம். இன்று என்.எச்.எல். ஆட்டக்காரர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள்.

கென் டிரைடன் என்ற கோல் காவலரின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. 1964இல் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டபோதிலும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வரலாறு படித்தார். 1967இல் தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்ற குழுவில் இருந்தார். பிறகு மாண்டிரியல் குழுவுக்கு ஆடிக்கொண்டே சட்டம் படித்துத் தேறினார். புகழின் உச்சியில் இருந்தபோது, வழக்கறிஞர் பயிற்சிக்காக 1973-74 பருவம் முழுவதும் ஆட்டத்தை விட்டு விலகியிருந்தார். எட்டே பருவங்களில் ஆறு முறை ஸ்டான்லி கிண்ணத்தை வென்றார். ஆட்டத்தை விட்ட பிறகு நூல்கள் எழுதினார். கனடாவின் மத்திய அமைச்சராகவும் பணியாற்றினார். 2025இல் அவர் மறைந்தபோது விளையாட்டு உலகமும் அரசியல் உலகமும் சேர்ந்தே அஞ்சலி செலுத்தின.

கல்லூரி மாணவர்களால் என்ன முடியும் என்பதை உலகுக்குக் காட்டியது 1980ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக். அதற்கு முந்திய நான்கு ஒலிம்பிக் போட்டிகளிலும் தொடர்ந்து தங்கம் வென்றிருந்தது சோவியத் குழு. அதை எதிர்த்த அமெரிக்கக் குழுவின் இருபது பேரும் கல்லூரி ஹாக்கியில் வளர்ந்தவர்கள். அவர்களில் ஒன்பது பேர் மினசோட்டா பல்கலைக்கழகத்தினர், நால்வர் பாஸ்டன் பல்கலைக்கழகத்தினர். 1980 பிப்ரவரி 22ஆம் தேதி அவர்கள் சோவியத் குழுவை 4-3 என்ற கணக்கில் வென்றார்கள். இரு நாள் கழித்துப் பின்லாந்தையும் வென்று தங்கப் பதக்கம் பெற்றார்கள்.

அந்தக் குழுவின் பயிற்றுநர் ஹெர்ப் புரூக்ஸ். அவர் இளைஞராக இருந்தபோது, 1960ஆம் ஆண்டு ஒலிம்பிக் குழுவிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டவர். அந்தக் குழு அவர் இல்லாமலே தங்கம் வென்றது. அவர் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. அடுத்த இரு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார்; பின்னர் பயிற்றுநராகி மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு மூன்று முறை தேசியப் பட்டம் வாங்கித் தந்தார்; இருபது ஆண்டுகள் கழித்துத் தம் நாட்டுக்கே தங்கம் வாங்கித் தந்தார்.

தாமதமாக மலர்ந்தவர்கள் இன்னும் உண்டு. மார்ட்டின் செயின்ட் லூயி ஐந்தடி எட்டு அங்குல உயரமே உடையவர். பனி ஹாக்கியில் அது குள்ளம். எந்தக் குழுவும் அவர் பெயரைச் சொல்லவில்லை. வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுகள் ஆடினார். தொழில்முறைக்கு வந்த பிறகும் முதல் குழு அவரைக் கைவிட்டது. அவரே 2004இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் ஸ்டான்லி கிண்ணத்தையும் பெற்றார். ஜோ பவெல்ஸ்கி 2003இல் 205ஆவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆடி 2006இல் தேசியப் பட்டம் பெற்றார், பிறகு என்.எச்.எல்.லில் 1,300க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார்.

இளமையிலேயே ஒளி வீசியவர்களும் இல்லாமல் இல்லை. மாக்லின் செலப்ரினி பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 2024இல் பதினேழு வயதிலேயே கல்லூரி ஹாக்கியின் உயரிய ஹோபி பேக்கர் விருதைப் பெற்றார். அவ்விருதைப் பெற்றவர்களில் அவரே மிக இளையவர். அதே ஆண்டு என்.எச்.எல். தேர்வில் முதல் பெயரும் அவருடையதே. ஆனால் அத்தகையவர் நூற்றில் ஒருவர்கூட அல்லர். செலப்ரினியைப் பார்த்து நம் பிள்ளையை அளப்பது தவறு.

இங்கே ஒரு வியப்பான செய்தி. கனடாவின் உயர்மட்ட இளையோர் குழுக்களில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பிறந்தவர்கள் மிகுதியாகவும், ஆண்டுக் கடைசியில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியல் அறிஞர் 1980களில் எடுத்துக்காட்டினார். காரணம் சோதிடம் அன்று. வயதுப் பிரிவு ஜனவரி முதல் தேதியில் தொடங்குகிறது. ஒன்பது வயதுக் குழுவில் ஜனவரியில் பிறந்தவன், டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவன்; உயரமும் பலமும் கூடியவன். அவனையே கெட்டிக்காரன் என்று தேர்ந்தெடுத்து நல்ல பயிற்சி கொடுக்கிறார்கள். பயிற்சி கிடைத்ததால் அவன் உண்மையிலேயே கெட்டிக்காரன் ஆகிவிடுகிறான். மற்றவன் ஓரத்தில் நின்று மனம் சோர்கிறான்.

நம் பள்ளிகளிலும் பிறந்த ஆண்டைக் கொண்டே பிள்ளைகள் வகுப்பில் அமர்கிறார்கள். ஆகவே ஆண்டிறுதியில் பிறந்த பிள்ளை ஓட்டத்திலோ பாடத்திலோ பின்தங்கினால், 'இவன் இவ்வளவுதான்' என்று முத்திரை குத்திவிடலாகாது.

அமெரிக்க ஹாக்கிச் சங்கமும் இத்தகைய ஆராய்ச்சிகளைக் கருத்திற்கொண்டு 2009இல் பிள்ளைகளுக்கான பயிற்சி முறையை மாற்றியமைத்தது. சிறு பிள்ளைகள் பெரிய திடலில் வெற்றிக்காக முட்டி மோதுவதைவிட, சிறு பரப்பில் விளையாடி அடிக்கடி வட்டைத் தொடுவதே நல்லது என்பது அதன் கருத்து. ஆண்டு முழுவதும் ஒரே ஆட்டத்தை ஆடாமல், வேறு விளையாட்டுகளிலும் ஈடுபட வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது. பன்னிரண்டு வயதுப் பிரிவு வரை உடலால் மோதித் தடுப்பதை 2011இல் விலக்கியது. தலைசிறந்த பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்காக அதே சங்கம் 1996இல் தொடங்கிய தேசியப் பயிற்சித் திட்டமும் மிச்சிகன் மாநிலத்தில் நடந்து வருகிறது. அங்கும் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றுகொண்டேதான் பயில்கிறார்கள்.

பெண் பிள்ளைகளை மறந்துவிட்டோமா? இல்லை. கல்வி நிலையங்களில் ஆண் பெண் வேறுபாடு காட்டலாகாது என்ற அமெரிக்கச் சட்டம் 1972இல் வந்தது. அதன் பயனாகக் கல்லூரிகளில் பெண்களின் விளையாட்டுகள் பெருகின. 1998இல் ஒலிம்பிக்கில் பெண்கள் பனி ஹாக்கி முதன்முதலாக இடம்பெற்றபோது, அமெரிக்கப் பெண்கள் தங்கம் வென்றார்கள். 2001 முதல் பெண்களுக்கும் தேசியக் கல்லூரிப் போட்டி நடைபெறுகிறது. 2024 ஜனவரியில் பெண்களுக்கென ஒரு தொழில்முறை லீக்கும் தொடங்கியது. ஆட்டத்தால் வாழ முடியாத காலத்திலும் அந்தப் பெண்களுக்குக் கல்லூரிப் பட்டம் கைகொடுத்தது என்பதை நாம் மறக்கலாகாது.

இனி பணத்தைப் பற்றி. கல்லூரி ஹாக்கியில் உபகாரச் சம்பளம் உண்டு. ஆனால் எல்லாருக்கும் முழுமையாகக் கிடைப்பதில்லை. நீண்ட காலமாக முதல் பிரிவில் ஒரு குழுவுக்கு 18 முழு உபகாரச் சம்பளங்களே அனுமதிக்கப்பட்டன. அதனை இருபத்தைந்து பேருக்கு மேல் பகிர்ந்து கொடுத்தார்கள். ஹார்வர்டு, யேல் போன்ற பழம்பெரும் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்காக உபகாரச் சம்பளமே தருவதில்லை. குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்தே உதவுகின்றன. 2025இல் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பின், அதை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவும் பணம் தரலாம். ஆனால் ஒரு குழுவில் 26 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு உண்மை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பாதையில் நடப்பவர்களில் பெரும்பாலோர் உச்சியை அடைவதில்லை. முழங்காலில் ஓர் அடி போதும், கனவு கலைந்துவிடும். அப்போது கையில் இருப்பது என்ன என்பதே கேள்வி. பட்டம் இருந்தால் அவன் ஆசிரியராகலாம், பொறியியலாளராகலாம், கணக்காளராகலாம். பட்டம் இல்லையென்றால் இருபது வயதில் மீண்டும் தொடக்கத்திலிருந்து நடக்க வேண்டும். கல்லூரிப் பாதையின் உண்மையான பெருமை அது உருவாக்கிய வீரர்களில் மட்டும் இல்லை. வீரராக முடியாமற் போனவர்களையும் வெறுங்கையோடு அனுப்பாமல் இருப்பதில் இருக்கிறது.

நம் தோட்டங்களில் பனித்திடல் இல்லை. ஆனால் பந்தாட்டத்திலும், ஓட்டத்திலும், புல் திடல் ஹாக்கியிலும் சிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளை ஒரு குழுவோ விளையாட்டுப் பள்ளியோ அப்பிள்ளையைத் தேடி வந்தால், பெற்றோர் மகிழ்ச்சியில் உடனே தலையசைத்துவிட வேண்டாம். ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளை எந்தப் பள்ளியில், எந்த நேரத்தில் படிப்பான்? எங்கே தங்குவான், யார் பொறுப்பு? காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது? உதவித்தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு? குழுவிலிருந்து நீக்கினால் படிப்பு தொடருமா? பதில்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். தோட்டப் பள்ளி ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம்.

அதேபோல், விளையாடுகிற பிள்ளையை 'ஆட்டம் சோறு போடுமா?' என்று அடக்கவும் வேண்டாம். ஆட்டம் கட்டுப்பாட்டைக் கற்றுத் தரும். தோல்வியைத் தாங்கக் கற்றுத் தரும். மாலையில் திடலுக்கு அனுப்புங்கள். இரவில் விளக்கடியில் உட்கார வையுங்கள். ஒரு கையில் மட்டை, மறு கையில் ஏடு. இரண்டையும் பிடிக்கப் பிள்ளைக்குக் கைகள் உண்டு. இரண்டுக்கும் நேரம் ஒதுக்கித் தருவது நம் கடமை.